கிரிப்டோகாக்கஸின் உறை: வளர்த்து, பார்த்து, அளக்க முழுமையான வழிகாட்டி

கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ் என்பது மனிதருக்கு மூளைச்சவ்வு அழற்சியை உண்டாக்கும் ஒரு ஈஸ்ட். அதன் செல் சுவருக்கு வெளியே வழவழப்பான சர்க்கரை உறை ஒன்று இருக்கிறது. வெள்ளணுக்கள் அதை எளிதில் விழுங்கிவிடாமல் தடுப்பதில் பெரும் பங்கு இந்த உறைக்கு உண்டு. உறை இல்லாத வகையை எலிக்குச் செலுத்தினால் நோய் பிடிப்பதில்லை.

ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கு இந்த உறையை வளர்க்கவும் அளக்கவும் பல முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஸ்லைடில் உறை சிறிதாகத் தெரிந்தால், ‘பூஞ்சை உறை கட்டவில்லை’ என்று நோட்டில் எழுதிவிடுகிறார்கள். கட்டியிருக்கும், வெளியே அனுப்பியிருக்காது. அனுப்பியிருக்கும், ஒட்டவைக்க முடிந்திருக்காது. அல்லது எல்லாம் சரியாக நடந்திருக்கும், ஸ்லைடு போட்டவர் கெடுத்திருப்பார். இந்த நான்கையும் பிரித்தறியும்படியாகத்தான் கீழே உள்ள வரிசையை அமைத்திருக்கிறேன்.

1. முதலில் பாதுகாப்பு

இது உயிர்ப் பாதுகாப்பு நிலை 2-இல் கையாள வேண்டிய கிருமி. பெரும்பாலும் நுரையீரல் வழியாகத்தான் உடலுக்குள் நுழையும். அதனால் மூடியைத் திறப்பது, பிப்பெட் பிடிப்பது, கலக்குவது எல்லாம் பாதுகாப்புக் கேபினட்டுக்குள்ளேயே நடக்கட்டும். சென்ட்ரிஃபியூஜ் குழாய்களுக்கு மூடி இறுக்கமாக இருக்க வேண்டும்.

உலர்ந்த செல்தான் அதிக ஆபத்து. உறையில் நீர் வற்றியதும் செல் சுருங்கி இலேசாகிக் காற்றில் மிதக்கும். பழைய அகார் தட்டுகளை மேசையில் காயவிடாதீர்கள். பயன்படுத்திய ஸ்லைடு, குழாய், தட்டு எல்லாமே 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் ஆன பிறகுதான் குப்பைக்குப் போக வேண்டும்.

எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுத்துக்கொள்பவர்கள் இந்த வேலையைத் தொடங்கும் முன் மருத்துவரிடமும் ஆய்வகப் பொறுப்பாளரிடமும் பேசிவிடுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

2. உறை எப்படிக் கட்டப்படுகிறது என்பதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிவிட்டு நேராகச் செய்முறைக்குப் போகத் தோன்றும். போகாதீர்கள். கீழே வரும் ஒவ்வொரு படிக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது.

முதல் கட்டம், மூலப்பொருள். செல் தன்னிடம் உள்ள சர்க்கரையை நேரடியாக உறையில் பயன்படுத்த முடியாது. அதை நியூக்ளியோடைடு ஒன்றோடு இணைத்துத் தயார்நிலையில் வைக்கும். மன்னோஸ் ஜிடிபியோடும், குளுகுரோனிக் அமிலமும் சைலோஸும் யூடிபியோடும் இணைந்திருக்கும். யூடிபி-சைலோஸ் தனியாகப் பிறப்பதில்லை. யூடிபி-குளுகுரோனிக் அமிலத்திலிருந்து ஒரு கார்பன்-டை-ஆக்சைடு விலகும்போது அது கிடைக்கிறது.

இரண்டாம் கட்டம், கோப்பது. இது செல்லுக்குள்ளே, கோல்கி உறுப்பில் நடப்பதாகச் சான்றுகள் காட்டுகின்றன. செல் சுவரின் கைட்டினைப் போலச் செல்லின் விளிம்பிலேயே பின்னப்படும் பொருள் இல்லை இது. கோல்கியில் உருவாகும் முக்கியப் பொருளின் பெயர் குளுகுரோனோசைலோமன்னான், சுருக்கமாக ஜிஎக்ஸ்எம். மன்னோஸ் சர்க்கரைகளை வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி அது. மூன்று மன்னோஸுக்கு ஒரு குளுகுரோனிக் அமிலமும், இடையிடையே சைலோஸும் அதில் கிளைகளாகத் தொங்கும். மன்னோஸ்களின் மேல் அசிட்டைல் தொகுதிகளும் ஆங்காங்கே இருக்கும். உறையின் சர்க்கரைப் பொருளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு இந்த ஜிஎக்ஸ்எம்தான். மீதியில் பெரும்பகுதி கேலக்டோஸ் கலந்த இன்னொரு பாலிசாக்கரைடு. கொஞ்சம் மன்னோபுரதமும் உண்டு.

மூன்றாம் கட்டம், வெளியேற்றம். கோத்த சங்கிலிகள் நுண்பைகளில் ஏறி செல் சவ்வுக்கு வருகின்றன. இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. இந்த நுண்பைகளைச் சவ்வுக்குக் கொண்டுசேர்க்கும் எஸ்ஏவி1 என்ற புரதம் பழுதானால், ஜிஎக்ஸ்எம் நிறைந்த பைகள் செல்லுக்குள்ளேயே குவிந்துபோகின்றன. சரக்கு தயார், வண்டி கிளம்பவில்லை. செல் சுவரைத் தாண்டிய பிறகும் முழு நுண்பைகளாகவே சில கிடைக்கின்றன.

நான்காம் கட்டம், பிடிமானம். புதியவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். வெளியே வந்த ஜிஎக்ஸ்எம் தானாக நின்றுவிடாது. செல் சுவரில் ஆல்பா-1,3-குளுக்கான் என்ற பொருள் இருந்தால்தான் உறை அதைப் பற்றிக்கொண்டு நிற்கும். ஏஜிஎஸ்1 என்ற மரபணு நீக்கப்பட்ட செல்லில் அந்தக் குளுக்கான் இல்லை. அந்தச் செல் ஜிஎக்ஸ்எம்மை உண்டாக்கும், வெளியேயும் அனுப்பும். ஆனால் எல்லாம் ஊடகத்தில் கரைந்து போய்விடும். ஸ்லைடில் பார்த்தால் மொட்டைச் செல்.

ஐந்தாம் கட்டம், பெருக்கம். ஏற்கனவே ஒட்டியிருக்கும் இழைகளோடு புதிய இழைகள் சேர்ந்து உறை தடிக்கிறது. குளுகுரோனிக் அமிலத்தால் இந்த இழைகளுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. கால்சியம் போன்ற அயனிகள் அவற்றை ஒன்றோடொன்று பிணைக்க உதவுகின்றன. இப்படி உருவாகும் உறையின் மிகப் பெரும்பகுதி நீர்தான். இந்த ஒரு விஷயத்தை மறந்தால் ஏழாவது படியில் எல்லாம் வீணாகும்.

3. தேவையானவை

எச்99 என்ற வகை பெரும்பாலான ஆய்வகங்களில் ஒப்பீட்டுக்கு வைத்திருப்பது. அதோடு கேப்59 மரபணு நீக்கப்பட்ட, உறையற்ற வகை ஒன்றும் கட்டாயம் வேண்டும். ‘உறை இல்லை’ என்றால் இந்தியா இங்க் என்ற கறுப்பு மையில் எப்படித் தெரியும் என்பதைக் கண்ணுக்குப் பழக்குவது அதுதான். அது இல்லாமல் தொடங்க வேண்டாம் என்பது என் கண்டிப்பான கருத்து.

இரண்டையும் கிளிசரால் கலந்து மைனஸ் 80 டிகிரியில் வைத்திருங்கள். தட்டிலிருந்து தட்டுக்கு மாதக்கணக்கில் மாற்றிக்கொண்டே போனால் வகையின் குணம் மாறிவிடும். எச்99 என்ற ஒரே பெயரில் வெவ்வேறு ஆய்வகங்களில் வளர்ந்தவை நோய் உண்டாக்கும் திறனில் வேறுபட்டுப் போன வரலாறு உண்டு.

மற்றவை: சபூரோ திரவ ஊடகம் (பூஞ்சை வளர்க்கும் சத்துக் கரைசல்), மாப்ஸ் பஃபர் (பிஹெச்சை நிலையாக வைப்பது), பிபிஎஸ் உப்புக் கரைசல், செல் எண்ணும் நியூபவர் சேம்பர், 37 டிகிரியில் 5 சதவீத கார்பன்-டை-ஆக்சைடு தரும் இன்குபேட்டர் (இருந்தால் நல்லது), இந்தியா இங்க், ஸ்லைடு, கவர் ஸ்லிப், 40 மற்றும் 100 மடங்கு லென்ஸ் உள்ள மைக்ரோஸ்கோப், கேமரா, மைக்ரான் அளவுகோல் பொறித்த ஸ்லைடு.

4. ஆரம்ப வளர்ப்பு

உறைந்த குப்பியிலிருந்து அகார் தட்டில் இழுத்து, 30 டிகிரியில் 2 அல்லது 3 நாள் வளர்த்து, தனிக் காலனி ஒன்றை எடுங்கள். அதை முழுச் செறிவுள்ள சபூரோ திரவத்தில் போட்டு 30 டிகிரியில் ஒரு நாள் குலுக்கி வளருங்கள்.

உறை வேண்டும் என்கிறோம், பிறகு ஏன் ஊட்டம் நிறைந்த ஊடகத்தில் தொடங்குகிறோம்? எல்லாச் செல்லும் சிறிய உறையோடு, ஒரே நிலையிலிருந்து கிளம்ப வேண்டும். அதற்காகத்தான். சர்க்கரை நிறைந்த இடத்தில் இந்தப் பூஞ்சை மொட்டு விட்டுப் பெருகுவதில்தான் குறியாக இருக்கும். உறைக்குச் செலவழிக்காது.

ஃபிரிட்ஜில் மூன்று வாரமாக இருக்கும் தட்டிலிருந்து எடுக்காதீர்கள். ஒருமுறை தடித்த உறை செல்லோடு அப்படியே இருக்கும். நல்ல ஊடகத்துக்கு மாற்றினாலும் அது உடனே கரைந்து மறைவதில்லை. புதிய மொட்டுகள் தங்களுக்கென்று புதிதாக உறை கட்டிக்கொள்கின்றன. தாயின் உறையைப் பங்கு போட்டுக்கொள்வதில்லை. அந்தச் சிறிய உறை கொண்ட பிள்ளைகள் பெருகுவதால்தான் சராசரி குறைகிறது. பழைய தட்டில் இந்த இரண்டு தலைமுறையும் கலந்து கிடக்கும். உங்கள் தொடக்க அளவு அன்றே கெட்டுவிடும்.

5. கழுவுதல்

வளர்ந்த செல்களைப் பிபிஎஸ்ஸில் 3 முறை கழுவுங்கள். ஒட்டியிருக்கும் குளுக்கோஸ் அடுத்த ஊடகத்துக்குப் போனால், ஆறாவது படியில் உறையைத் தடிக்கவைக்கச் செய்யும் தூண்டல் குறையும். ஊடகத்தில் ஏற்கனவே உதிர்ந்து கிடக்கும் பழைய ஜிஎக்ஸ்எம்மும் போக வேண்டும். பத்தாவது பகுதியில் வரும் சோதனைக்கு அது முக்கியம்.

1,500 ஜி விசையில் 5 நிமிடம் போதும். கடும் வேகத்தில் சுழற்றி இறுக்கினால், பிறகு கலைக்க வோர்டெக்ஸ் என்ற குலுக்கும் கருவியில் வெகுநேரம் ஆட்ட வேண்டிவரும். அதில் உறை உதிரும்.

உறை பெருத்த செல்கள் குழாயின் அடியில் கெட்டியாகப் படியாது. கூழ் போலத் தளர்வாக நிற்கும். மேலே உள்ள நீரைச் சட்டென்று கவிழ்த்தால் செல்லும் சேர்ந்து போய்விடும். பிப்பெட்டால் மெதுவாக உறிஞ்சுங்கள். எந்தச் செல் முதலில் வழிந்து போகிறது என்று யோசித்துப் பாருங்கள், மிகப் பெரிய உறை உள்ள செல்தான். நீங்கள் அளக்க வந்ததையே கொட்டிவிட்டு, மிச்சத்தை அளந்து சராசரி போடுகிறீர்கள்.

6. தூண்டுதல்: செல்லைப் பட்டினி போடுங்கள்

முதல் முறை செய்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது நீர்த்த சபூரோ. 100 மில்லி சபூரோ திரவம், மாப்ஸ் 10.5 கிராம், மீதி நீர், மொத்தம் 1 லிட்டர். மாப்ஸின் செறிவு 50 மில்லிமோலார் வரும். பிஹெச்சை 7.3-க்குக் கொண்டுவந்து வடிகட்டிக் கிருமி நீக்குங்கள். இதில் மில்லிக்கு 10 லட்சம் செல் வீதம் போட்டு, 37 டிகிரியில் 24 மணி நேரம் வையுங்கள்.

இந்தக் கலவை ஏன் வேலை செய்கிறது? ஊட்டம் பத்தில் ஒன்றாகிவிட்டது, பிஹெச் இரத்தத்தின் அளவுக்கு வந்துவிட்டது, வெப்பம் உடலின் வெப்பம். மனித உடலுக்குள் வந்துவிட்டதற்கான அடையாளங்கள் இவை. பெருகுவதை மட்டுப்படுத்தி உறைக்குச் செலவிடச் செல் முடிவெடுக்கிறது.

கார்பன்-டை-ஆக்சைடு இன்குபேட்டர் இருந்தால், டிஎம்இஎம் என்ற விலங்குச் செல் வளர்ப்பு ஊடகத்தில் சீரம் சேர்த்து, 5 சதவீத கார்பன்-டை-ஆக்சைடில் வைக்கலாம். சாதாரணக் காற்றில் இந்த வாயு 0.04 சதவீதம்தான். உடல் திசுக்களிலோ ஏறக்குறைய 5 சதவீதம். நூறு மடங்குக்கும் மேலான இந்த வேறுபாட்டைப் பூஞ்சை உணர்ந்து உறையைத் தடிக்கச் செய்கிறது. குடுவையின் மூடியைத் தளர்த்தி வைத்தால்தான் வாயு உள்ளே போகும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழி இரும்பைக் குறைப்பது. உடலில் இரும்பு புரதங்களோடு கட்டுண்டு கிடப்பதால், இரும்புப் பற்றாக்குறை என்பதும் ‘உடலுக்குள் வந்துவிட்டோம்’ என்ற செய்திதான். ஆனால் புதியவர்கள் இதை முதலில் முயல வேண்டாம் என்பேன். கண்ணாடிப் பாத்திரங்களை அமிலத்தால் கழுவ வேண்டும், நீரில் இரும்பு இருக்கக்கூடாது. ஒரு சிறு கவனக்குறைவு போதும், எல்லாம் போச்சு.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறுகள் மூன்று. ஒன்று, செல்லை அதிகமாகப் போடுவது. நெரிசல் கூடினால் பிஹெச் இறங்கும், ஒவ்வொரு செல்லுக்கும் கிடைக்கும் பங்கு குறையும். இரண்டு, ஊடகத்தில் சர்க்கரையோ உப்போ கூடுவது. அடர்த்தியான கரைசலில் உறை சுருங்கும். மூன்றாவது பூஜ்ஜிய மணி மாதிரியை எடுக்க மறப்பது. தூண்டல் தொடங்கும் அதே நிமிடத்தில் ஒரு பங்கை எடுத்து அளந்து வைக்காவிட்டால், 24 மணி கழித்து வரும் எண்ணுக்கு ஒப்பிட எதுவும் இருக்காது. ஒரு மாணவி மூன்று வார வேலையை இதனால் திரும்பச் செய்ய நேர்ந்தது. அதிலிருந்து, பூஜ்ஜிய மணி என்று எழுதிய குழாயைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இன்குபேட்டர் கதவை மூட விடுகிறேன்.

7. இங்க் ஸ்லைடு போடுவது

உறைக்குள் ஒளி வளையும் அளவு சுற்றியுள்ள நீரில் வளையும் அளவை ஒத்திருப்பதால், சும்மா பார்த்தால் உறை தெரியாது. இந்தியா இங்கில் உள்ள கரித்துகள்களால் உறைக்குள் நுழைய முடியாது. கறுப்புப் பின்னணியில் வெளிச்சமான வளையம் தெரிவது அதனால்தான். இங்க் உறைக்குச் சாயம் ஏற்றுவதில்லை, சுற்றியுள்ள இடத்தைத்தான் கறுப்பாக்குகிறது. இது புரிந்தால் மற்றது எளிது.

முதலில் இங்கை மட்டும் ஒரு ஸ்லைடில் போட்டுப் பாருங்கள். துகள்கள் கட்டியாகச் சேர்ந்திருந்தால் அந்தப் பாட்டிலை ஒதுக்குங்கள். திறந்து வைத்த பாட்டிலில் வேறு ஈஸ்ட்டுகள் வளர்ந்திருப்பதும் உண்டு. மருத்துவ மாதிரிகளில் இது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

சரி, இப்போது மாதிரி. 8 மைக்ரோலிட்டர் செல் கரைசல், 2 மைக்ரோலிட்டர் இங்க், ஸ்லைடின் மேலேயே பிப்பெட் முனையால் மெதுவாகக் கலந்து கவர் ஸ்லிப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து இறக்குங்கள். ஸ்லைடைச் செய்தித்தாளின் மேல் வைத்தால் எழுத்துகள் மங்கலாகப் படிக்க முடிய வேண்டும். படிக்கவே முடியாவிட்டால் இங்க் அதிகம், வளையம் இருளில் மூழ்கும். பளிச்சென்று தெரிந்தால் குறைவு, விளிம்பு பிடிபடாது.

எவ்வளவு திரவம் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 10 மைக்ரோலிட்டர் என்பது 10 கன மில்லிமீட்டர். 22 மில்லிமீட்டர் சதுரக் கவர் ஸ்லிப்பின் பரப்பு 484 சதுர மில்லிமீட்டர். வகுத்தால் திரவத்தின் ஆழம் சுமார் 20 மைக்ரான். நன்றாகத் தூண்டப்பட்ட செல் உறையோடு சேர்த்து இந்த அளவை எட்டிவிடக்கூடும். அப்படியானால் செல் ஏற்கனவே கூரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இதில் டிஷ்யூ தாளால் ஓரத்தை ஒற்றி எடுத்தாலோ, விரலால் அழுத்தினாலோ உறை தட்டையாகிப் பக்கவாட்டில் பிதுங்கும். அளந்தால் உண்மையைவிடப் பெரிதாக வரும். 18 மில்லிமீட்டர் கவர் ஸ்லிப்பில் அதே 10 மைக்ரோலிட்டர் சுமார் 30 மைக்ரான் ஆழம் தரும். நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

ஸ்லைடைச் சூடாக்காதீர்கள், ஆல்கஹாலில் நனைக்காதீர்கள், காயவிடாதீர்கள். உறையில் இருப்பது பெரும்பாலும் நீர் என்றேன் அல்லவா, நீர் போனால் உறை சரிந்து சுவரோடு ஒட்டிவிடும். கிராம் சாயம் ஏற்றிப் பார்த்துவிட்டு உறை இல்லை என்று சொல்பவர்கள் செய்யும் தவறு இதுதான். நேரம் எடுக்கும் என்றால் ஓரங்களை வாசலினால் அடைத்துவிடுங்கள். போட்டதும் சில நிமிடங்களுக்குள் படம் எடுத்துவிடுவது இன்னும் நல்லது.

8. கண்ணில் படுவது உறைதானா?

10 மடங்கில் இடத்தைத் தேடி, 40 மடங்கில் பாருங்கள். 100 மடங்கு எண்ணெய் லென்ஸ் கவர் ஸ்லிப்பை இழுத்துச் செல்களை நகர்த்திவிடும். தேவைப்பட்டால் மட்டும் போங்கள்.

உண்மையான செல்லில் இரண்டு எல்லைகள் தெரியும். உள்ளே செல் சுவரின் கூர்மையான, ஒளிரும் கோடு. வெளியே உறையின் வட்ட விளிம்பு. குறுகிய கழுத்தோடு மொட்டு இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

காற்றுக் குமிழி முழுக்க வெளிச்சமாக, தடித்த கறுப்பு விளிம்போடு இருக்கும். உள்ளே செல் இருக்காது. வெள்ளணுவைச் சுற்றியும் சில நேரம் மங்கலான ஒளிவட்டம் வரும். ஆனால் அதன் ஓரம் மென்மையாகக் கறுப்பில் கரையும், உள்ளே சுவர்க்கோடு இருக்காது. உறையற்ற கேப்59 செல்லைப் பக்கத்து ஸ்லைடில் வைத்து மாற்றி மாற்றிப் பாருங்கள். அதன் சுவரை ஒட்டியும் ஒளியால் ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு தெரியும். அந்தத் தடிமனை உறை என்று கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது அப்போதுதான் விளங்கும்.

9. அளப்பது

கேமராவின் ஒரு பிக்சல் எத்தனை மைக்ரான் என்பதை அளவுகோல் ஸ்லைடை வைத்து முதலில் கண்டுபிடியுங்கள். லென்ஸ் மாறினால் இந்த எண்ணும் மாறும். 100 மடங்குக்குப் போட்ட கணக்கை 40 மடங்குப் படத்துக்குப் பயன்படுத்துவது நான் அதிகம் பார்த்த தவறு.

சமன்பாடு எளிது. உறையோடு சேர்த்த மொத்த விட்டத்திலிருந்து செல்லின் விட்டத்தைக் கழித்து இரண்டால் வகுங்கள். மொத்தம் 15 மைக்ரான், செல் 6 மைக்ரான் என்றால் உறையின் தடிமன் 4.5 மைக்ரான்.

தடிமனை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். இதே எடுத்துக்காட்டில் கன அளவைப் பாருங்கள். 15-இன் கனம் 3,375, 6-இன் கனம் 216. உறையோடு சேர்ந்த உருண்டை வெறும் செல்லைப் போல 15 மடங்குக்கும் அதிகம். கன அளவில் 94 சதவீதம் உறைதான்! விட்டத்தில் 2 மைக்ரான் கூடியது சிறிய மாற்றமாகத் தோன்றும், செல் அதற்காகப் போர்த்த வேண்டிய இடம் மிக அதிகம். செல்லின் விட்டத்தையும் தனியாகப் பதிவுசெய்யுங்கள். சில நிலைமைகளில் செல்லே 10 மைக்ரானைத் தாண்டி ராட்சதச் செல்லாக வளரும். அப்போது மொத்த விட்டம் பெருத்ததற்குக் காரணம் உறையா செல்லா என்று பிரிக்க அந்த எண் வேண்டும்.

ஒவ்வொரு மாதிரியிலும் 50 முதல் 100 செல் அளங்கள். மொட்டுள்ள செல்லைச் சேர்ப்பதா விடுவதா என்பதை அளக்கும் முன்பே முடிவுசெய்து நோட்டில் எழுதுங்கள். ஒரு காட்சியில் உள்ள எல்லாச் செல்லையும் அளங்கள். இல்லாவிட்டால் கண் தானாகவே அழகான பெரிய வளையங்களைத் தேடிப் போகும். மாதிரியின் பெயரை மறைத்து, வேறொருவரை அளக்கச் சொன்னால் இன்னும் நம்பலாம்.

சராசரியோடு பரவலையும் வரைந்து பாருங்கள். பாதிச் செல் பெருத்து, பாதி சிறிதாகவே இருந்தால் சராசரி நடுவில் எங்கோ நிற்கும். அந்த அளவில் ஒரு செல்கூட இருக்காது.

10. உறை சிறிதாக இருந்தால் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

ஸ்லைடு சரி, தூண்டல் சரி, எச்99 நன்றாகப் பெருத்திருக்கிறது, நீங்கள் சோதிக்கும் வகை மட்டும் மொட்டையாக இருக்கிறது. இப்போது இரண்டாவது பகுதிக்குத் திரும்புங்கள்.

முதல் கேள்வி: ஊடகத்தில் ஜிஎக்ஸ்எம் இருக்கிறதா? செல்லை நீக்கிய மேல்நீரை எடுத்து, ஜிஎக்ஸ்எம்மைக் கண்டறியும் ஆன்டிபாடி சோதனை செய்யுங்கள். எச்99-இன் மேல்நீரையும், அதே அளவு செல் எண்ணிக்கைக்கு ஈடுகட்டி, பக்கத்தில் வையுங்கள். ஊடகத்தில் நிறைய இருந்து செல்லின் மேல் இல்லை என்றால் உற்பத்தியில் குறையில்லை. பிடிமானத்தில்தான் கோளாறு. ரிம்101 என்ற கட்டுப்பாட்டுப் புரதம் இல்லாத செல்லிலும் இப்படித்தான் நடக்கிறது, பாலிசாக்கரைடு வெளியே வருகிறது, செல்லில் நிற்பதில்லை.

இரண்டாம் கேள்வி: வெளியே இல்லையென்றால் உள்ளே இருக்கிறதா? செல்லின் சவ்வைத் துளையிட்டு உள்ளே ஆன்டிபாடியைச் செலுத்திப் பார்க்க வேண்டும். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வசதி இருந்தால் நுண்பைகள் குவிந்திருப்பதே தெரியும். அப்படியானால் வெளியேற்றத்தில் தடை. உள்ளேயும் இல்லையென்றால் மூலப்பொருளிலோ கோப்பதிலோ பழுது.

மூன்றாம் கேள்வி: வேறு செல்லின் ஜிஎக்ஸ்எம்மைக் கொடுத்தால் பிடித்துக்கொள்கிறதா? எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. எச்99 சில நாள் வளர்ந்த ஊடகத்தை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, சோதிக்கும் செல்களோடு ஒரு மணி நேரம் சுழலவிடுங்கள். பிறகு கழுவி, ஒளிரும் ஆன்டிபாடியால் பாருங்கள். கேப்59 செல் தானாக உறை கட்டாது. ஆனால் இப்படி அடுத்தவர் உதிர்த்ததைக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் அதன் சுவரில் ஆல்பா-1,3-குளுக்கான் இருக்கிறது. ஏஜிஎஸ்1 இல்லாத செல் எவ்வளவு கொடுத்தாலும் பிடிக்காது. இங்க் ஸ்லைடில் இரட்டையர் போலத் தெரிந்த இரண்டும் இந்த ஒரு சோதனையில் பிரிந்துவிடும்.

ஐந்தாவது படியில் நன்றாகக் கழுவாதவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். பழைய ஜிஎக்ஸ்எம் ஒட்டியிருந்தால், எதுவும் கொடுக்காத செல்லும் ஒளிரும். எனவே வெறும் ஊடகத்தில் சுழன்ற செல்களையும் கூடவே வையுங்கள்.

11. மருத்துவ மாதிரியில் இதே இங்க்

தண்டுவட நீரில் பார்க்கும்போது தூண்டுதல் வேலையை நோயாளியின் உடல் ஏற்கனவே செய்துவிட்டது. மாதிரியைச் சுழற்றி, அடியில் படிந்ததை எடுத்துப் பாருங்கள். நேரடியாக ஒரு சொட்டு எடுத்தால், கிருமி குறைவாக உள்ளவர்களில் தவறிப்போகும்.

எச்ஐவி முற்றிய, சிகிச்சை பெறாத நோயாளிகளின் நீரில் கிருமி ஏராளமாக இருப்பதால் இங்கில் எளிதில் கிடைக்கும். மற்றவர்களில் பல நேரம் கிடைக்காது. அதனால் இங்கில் எதுவும் தெரியவில்லை என்பதை வைத்து நோய் இல்லை என்று எழுதக்கூடாது. ஆன்டிஜென் சோதனையும் கல்ச்சரும் கட்டாயம் போக வேண்டும். அந்த ஆன்டிஜென் சோதனை கண்டுபிடிப்பது பூஞ்சை உதிர்த்த ஜிஎக்ஸ்எம்மைத்தான். செல் ஒன்றுகூடக் கண்ணில் படாத மாதிரியிலும் அது காட்டிக்கொடுக்கும்.

சிகிச்சை தொடங்கிச் சில வாரம் கழித்து இங்கில் வளையங்கள் தெரிந்தால் பதறாதீர்கள். செத்த செல்லிலும் உறை அப்படியே நிற்கும். உயிரோடு இருக்கிறதா என்று சொல்லக்கூடியது கல்ச்சர் மட்டும்தான். ரிப்போர்ட்டில் ‘உறையுள்ள ஈஸ்ட் செல்கள் காணப்பட்டன, கல்ச்சர் முடிவு நிலுவையில்’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.